ஏழு புள்ளடிகளில் ஒன்று

2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டுப் பாண், இரத்த அழுத்தத்துக்கான குளிசை. ஐந்து ஐம்பத்தைந்துக்கு எங்கள் வீடு இருக்கும் லாசாலில் பஸ் ஏறி, மெட்ரோ மாறி, மறுபடியும் பஸ் பிடித்து, ஏழு ஐந்துக்கு சென்ட் லோரன்டில் வேலைத்தலத்துக்குள் நுழைந்தேன். கார் தரிப்பிடத்தின் மூலையில் மட்டும் கறுத்துப்போன பனிக்குவியல் ஒன்று இன்னும் கரையாமல் கிடந்தது.

மருந்து செய்யும் தொழிற்சாலை அது. பதினெட்டு ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். குளிசை செய்வது என் வேலை அல்ல. செய்தவர்கள் எழுதி வைத்த தாள்களைப் படிப்பதுதான் என் வேலை. இயந்திரம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் தொடக்கினார், இடையில் ஏன் நின்றது என்று ஒவ்வொரு முறைக்கும் நூறு பக்கத்துக்கு மேல் வரும். ஏதாவது பிழையாக எழுதப்பட்டால் அதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பழையது வாசிக்கக்கூடியதாக இருக்கும்படி நடுவில் ஒரேயொரு கோடு கிழித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, முதலெழுத்தும் தேதியும் காரணமும் இட வேண்டும். வீட்டில் என் நாட்குறிப்பையும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கனடாவின் பொதுத் தேர்தலுக்கான முற்கூட்டிய வாக்களிப்பு தொடங்கவிருந்தது. அதற்கு முன்னர் அத்தானிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது: இந்த முறை என் வாக்கை நானே தீர்மானிக்கப் போகிறேன். சொல்லப் பத்து விநாடி போதும். ஆனால் இருபத்தொரு வருடமாக நான் அதைச் சொல்லவில்லை.

அத்தான் என் கணவரின் மூத்த அண்ணர். கர்க்லாண்டில் இருக்கிறார். விமான உதிரிப்பாகம் செய்யும் ஆலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தின் ஏழு வாக்குகளும் அவர் சொல்லும் கட்சிக்குத்தான் விழும். அவர், நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் இருவர், என் கணவர், நான், எங்கள் மகள். ஒவ்வொரு தேர்தலிலும் கட்சித் தலைவர்களின் ஆங்கில விவாதத்தன்று அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் கூடுவோம். விவாதம் முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அவர் முடிவை அறிவிப்பார். முடிவு எப்போதும் ஒன்றுதான். ஆனாலும் விவாதத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அறிவிப்பார்.

முடிவு மாறாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நான்தான். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு என்னைக் கனடாவுக்கு அழைக்கும் விண்ணப்பம் இரண்டரை வருடம் அசையாமல் கிடந்தது. அத்தான் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் நின்றார். கடைசியில் அங்கிருந்து ஒரு கடிதம் போனது. ஆறு கிழமையில் எனக்கு விசா வந்தது. 1999 ஒக்டோபரில் விமான நிலையத்தில் எனக்கு முதல் குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டவர் அக்கா. அப்படியிருக்க, வாக்கைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இம்முறை ஏன் வந்தது என்பதற்கு முதல்நாள் புதன்கிழமை நடந்த பிரெஞ்சு விவாதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று இரவு நம் நகரத்து அணிக்கு முக்கியமான ஹொக்கி ஆட்டம் இருந்ததால், நாட்டுத் தலைவராக வர நினைப்பவர்களின் விவாதத்தையே இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். ஆறு மணிக்குத் தொடங்கியது. நான் குறிப்புக் கொப்பியுடன் சோபாவில் இருந்தேன். பக்கத்தில் கணவர், முதலில் தொலைக்காட்சியைப் பார்ப்பதும் பிறகு கைப்பேசியில் சத்தமில்லாமல் ஆட்டத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பாண் தொழிற்சாலையில் அதிகாலை வேலை முடித்து வந்த களைப்பு அவருக்கு.

"கோல்!" என்று திடீரென்று கத்தினார்.

"ஆர் அடிச்சது?"

"எங்கட ஆக்கள்தான். நீர் எழுதும், எழுதும். உம்மட ஆக்கள் ஒருத்தரும் இன்னும் அடிக்கேல்லை."

நான்கு பேர் நான்கு மேசைகளுக்குப் பின்னால் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரல் கீறி, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி இட்டேன். நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. வெட்டிப் பேசினார்கள், ஒருவர் சொல்லி முடிக்கும் முன் மற்றவர் புகுந்தார், நெறியாளர் நேரம் முடிந்ததென்று சொல்ல அடங்கினார்கள். முடிந்ததும் கைகுலுக்கினார்கள். ஊரில் நான் இருந்த இருபத்தேழு வருடத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களைக் கண்டிருக்கிறேன், மதிலில் ஒட்டிய படங்களைக் கண்டிருக்கிறேன். எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே இடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்ததை ஒருநாளும் கண்டதில்லை. இங்கே அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இவர்களில் யாராவது என் வாக்குக்காகத்தான் இப்படி வியர்க்கிறார்களா என்றும் தோன்றும். அன்று அந்தக் கேள்வி கூடவே இருந்துகொண்டது. எனக்காக வியர்க்கவில்லை, அத்தானுக்காகத்தான் வியர்க்கிறார்கள் என்று தோன்றியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு எடுத்தேன்.

இடமிருந்து இரண்டாவதாக நின்றவருக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடவில்லை. வாக்கியத்தைத் தொடங்கி, நிறுத்தி, வேறு பக்கத்தால் நுழைந்தார். அவர் ஒவ்வொரு முறை தடுமாறும்போதும் அதைக் கொப்பியில் குறித்தேன். அவருக்குப் பெரும்பாலும் இரண்டு புள்ளிதான் போட்டேன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், வேலைத்தலச் சாப்பாட்டு மேசையில், சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். வேலையில் மற்றவர்களின் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் பிழை தெரிந்தது. இரண்டாவது ஆளின் நிரலில் "தயங்கினார்", "நீண்ட இடைவெளி", "வார்த்தை தேடினார்" என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தேன். அவர் என்ன சொன்னார் என்பது இரண்டே இரண்டு இடத்தில்தான் இருந்தது.

நான் அவருடைய கொள்கைக்குப் புள்ளி இடவில்லை. அவருடைய பிரெஞ்சுக்கு இட்டிருக்கிறேன்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு குளிர்காலம் முழுக்கப் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள் நான். வாய்மொழிப் பரீட்சையில் எதிரே இருந்த பெண்மணி நான் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தாளில் ஒரு சிறு கோடு போட்டார். நான் சொன்னது என்னவோ நல்ல விஷயம், என் அம்மாவின் சத்திரசிகிச்சையைப் பற்றி. அவர் அதைக் கேட்கவில்லை, கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதே கோடுகளை நான் இப்போது ஒரு பெரிய மனிதருக்குப் போட்டிருக்கிறேன். அவரும் என்னைப்போல வளர்ந்த பிறகு அந்த மொழியைப் பிடித்தவர்தான்.

இரண்டாவது ஆளின் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கோடு கிழித்தேன். முதலெழுத்து, தேதி. காரணம்: "மொழிக்கு இடப்பட்டது." பிறகு யோசித்து, மற்ற மூவரின் புள்ளிகளையும் வெட்டினேன், ஏனென்றால் அழகாகக் கதைத்ததற்காக அவர்களுக்குக் கூட்டிப் போட்டிருந்தேன். புதுப் பக்கத்தில் ஒரேயொரு நிரல் மட்டும் வைத்தேன்: கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்.

நாலரைக்குக் கணவர் காருடன் வந்தார். கர்க்லாண்ட் போய்ச் சேர ஐந்தரை. பிள்ளைகள் மூவரும் தங்கள் தங்கள் இடங்களில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டதால் நாங்கள் நால்வர்தான். அக்கா ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். ஏழு மணிக்கு ஆங்கில விவாதம் தொடங்கியது. நான் பதில்களை மட்டும் எழுதினேன். வீடு, வரி, அமெரிக்காவுடனான வர்த்தகச் சண்டை. சில கேள்விகளுக்கு நான்கு பேரும் வேறு எதையோ சொன்னார்கள். அந்த இடங்களை வெறுமையாக விட்டேன். வெறுமையாக விடுவது எனக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. வேலையிலும் அப்படித்தான், வெறுமையான பெட்டியைப் பார்த்தால்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

அரைமணி போயிருக்கும். அத்தான் முன்னுக்குச் சாய்ந்தார்.

"இந்த ரெண்டாவது ஆளுக்கு இண்டைக்கு என்ன நடந்தது? குரல் வேறமாதிரிக் கிடக்கு. தடிமன் பிடிச்சிட்டுது போல."

"ஏன் அத்தான்?"

"நேற்று பிரெஞ்சில என்ன மாதிரிக் கதைச்சவர்! தண்ணி மாதிரி. கம்பீரமான குரல். நான் அக்காவுக்கும் சொன்னனான், இந்த ஆளைக் கவனிக்கோணும் எண்டு."

நான் பேனாவை மூடினேன். "அத்தான், நேற்று எந்தச் சனலில பாத்தனீங்கள்?"

"இங்கிலீசுச் சனலிலதான். எனக்கெங்க பிரெஞ்சு விளங்குது?"

"அப்ப நீங்கள் கேட்டது அவற்ற குரல் இல்லை. மொழிபெயர்ப்பாளற்ற குரல்."

அக்கா கையில் இருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "இஞ்சாருங்கோ, அப்ப நாளைக்கு வோட்டை அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் போடுவம். ஆள் நிக்குதோ எண்டு கேளுங்கோ."

"சும்மா இரும்." அத்தானுக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு சொன்னார்: "குரல் வேறயெண்டால் என்ன? சொன்னது அந்த ஆள்தானே. அவர் சொல்லாததையோ அந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னவர்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. பிரெஞ்சு தெரியாத அவர் அந்த மனிதரின் பதில்களைக் கேட்டிருக்கிறார். பிரெஞ்சு தெரிந்த நான் தடுமாற்றத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்.

"நீங்கள் சொல்லுறது சரி, அத்தான்," என்றேன். "நான்தான் பிழை விட்டனான்." கொப்பியைத் திருப்பி வெட்டிய பக்கத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது என்ன, ரெண்டு, ரெண்டு, ரெண்டு? ஏன் வெட்டினனீ?"

"அவற்ற பிரெஞ்சுக்குப் புள்ளி போட்டிட்டன்."

"நீயோ?" அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது சிரிப்பது அவருடைய முறை. "ஒரு மனிசன் பிரெஞ்சில தடக்குப்பட்டதுக்கு நீ புள்ளி குறைச்சனீ? டெப்பனர்க் கடைக்குப் பால் வாங்க அனுப்ப, கடைக்காரனோட கதைக்கப் பயந்து தயிரோட வந்த பிள்ளை!"

"ரெண்டு தரம்," என்றார் என் கணவர். "ரெண்டாந்தரம் மோர்."

எல்லோரும் சிரித்தோம். நெறியாளர் யாரையோ நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை நால்வருமே தவறவிட்டோம்.

விவாதம் முடிந்ததும் அத்தான் வழக்கம்போல எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். "சரி. நாளைக்கு ஏழும் வழமைபோல."

"ஆறு, அத்தான்," என்றேன்.

என் குரல் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது. அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்து மறுபடி சொன்னேன். "என்ரயைச் சேர்க்காமல் ஆறு. என்ரயை நான் பாத்துப் போடுறன்."

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"ஆருக்கு?" என்று கேட்டார் அத்தான்.

"இன்னும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டன்."

"அந்தக் கடிதத்தை மறந்திட்டியோ, பிள்ளை?"

"மறக்கேல்லை. ஆனா அந்தக் கடிதத்தில கையெழுத்து வைச்ச மனிசன் அரசியலை விட்டுப் பதினைஞ்சு வருசம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்க போய் நிண்டது நீங்கள். அந்தக் கடன் எனக்கு உங்களோடதான். கட்சியோட இல்லை."

"நான் பிழையான ஆக்களுக்குப் போடச் சொல்லி உங்களைக் கெடுத்தனானோ?"

"ஒருக்காலும் இல்லை."

"நாங்கள் சிதறினால் எங்களை ஆரும் மதிக்கமாட்டினம். ஏழும் ஒரு பெட்டிக்குள்ள விழுந்தாத்தான் ஒரு கணக்கு."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் வேலை அப்படி என்னைப் பழக்கவில்லை. "அத்தான், ஏழும் ஒரு பெட்டிக்குள்ள ஒருநாளும் விழேல்லை. லாசால் வேற தொகுதி, கர்க்லாண்ட் வேற தொகுதி. எங்கட பெட்டியும் உங்கட பெட்டியும் சந்திக்கிறதேயில்லை."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரைவிரிப்பைப் பார்த்தார்.

"உனக்கும் இது தெரியுமோடா?"

"தெரியும், அண்ணை."

"போடுற இடம்தான் வேற, கணக்கு ஒண்டெண்டெல்லோ நினைச்சனான். அப்ப இவ்வளவு காலமும் நான் என்னத்தை எண்ணினனான்?"

அவர் கதிரையில் மெதுவாக இருந்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் சொல்லத் தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

"ஒவ்வொருமுறையும் போட்டிட்டு வெளிய வரேக்க, உங்களுக்கு ஒரு உதவி செய்த மாதிரி இருக்கும், அத்தான். சந்தோசமாத்தான் இருக்கும். ஆனா வோட்டுப் போட்ட மாதிரி இருக்காது. ஒருக்கா எனக்கு அது எப்பிடியிருக்குமெண்டு பாக்கோணும். சில நேரம் நீங்கள் சொல்லுற ஆளுக்கேதான் போடுவன். ஆனா நான் போட்டதா இருக்கோணும்."

அக்கா தேநீர் போட மேலே போனார். என் கையைத் தொட்டுவிட்டுத்தான் போனார். நாங்கள் தேநீரைக் குடித்தோம். மழை வருமா என்று கதைத்தோம். வாசலில் சப்பாத்துப் போடும்போது அத்தான் சொன்னது இவ்வளவுதான்: "ரோட்டு கவனம்." வழக்கமாக, வாக்களிக்கும் நாள் காலையில் தன் வான் எத்தனை மணிக்கு எங்களை ஏற்ற வரும் என்று அந்த வாசலில்தான் சொல்வார். அன்று வானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காரில் கணவர், "நீர் இவ்வளவு கதைப்பீர் எண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

"கோவமோ?"

"இல்லை. என்ர வோட்டு அண்ணையோடதான். அவர் சொல்லுறது எனக்குச் சரியாப் படுது. பொய் சொல்லக் கூடாது."

"அப்ப அது உங்கட முடிவுதானே. நல்லது."

வீட்டுக்கு வந்து உடை மாற்றியதும் கொப்பியைத் திறந்து, முதல்நாள் பிரெஞ்சில் கேட்டவற்றில் நினைவில் நின்ற பதில்களையும் சேர்த்து எழுதினேன். நால்வரில் ஒருவர், ஒரு கேள்விக்கு, அது நினைத்தவுடனே நடக்கிற காரியம் அல்ல என்று நேராகச் சொல்லியிருந்தார். மற்ற மூவரும் நடக்கும் என்றிருந்தார்கள். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வந்தது. வேறு இரண்டு பதில்களையும் அதோடு வைத்துப் பார்த்தேன். பிறகு முடிவு செய்தேன். பெயரை நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கான காரணத்தை எழுதினேன்: "இரகசிய வாக்கு." கோபம் தீர எத்தனை நாள் எடுக்கும், அத்தான் எங்கள் வீட்டுக்கு வருவாரா என்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. விடுமுறை. காலை முதல் வேலையாக, வானுக்குக் காத்திராமல், நானும் கணவரும் எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளியிருந்த பாடசாலைக்கு நடந்து போனோம். எட்டு நாற்பது. கதவு திறக்க இன்னும் இருபது நிமிடம், ஆனால் வரிசை வேலி வரைக்கும் வந்துவிட்டது. முன்னால் ஒரு தாயும் மகனும் பிரெஞ்சில் மெல்லிய குரலில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி அடித்தது. அத்தான்.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்?"

"வரிசையில, அத்தான். நீங்கள்?"

"நானும்தான், இஞ்ச எங்கட பெட்டிக்கு." பின்னால் அக்காவின் குரலும் காற்றும் கேட்டன. "உன்ர கொப்பி கையில இருக்கோ?"

"கைப்பையில இருக்கு."

"வீட்டுப் பிரச்சினைக்கு அந்த ரெண்டாவது ஆள் என்ன சொன்னவர்? நேற்று அவற்ற குரலைக் கவனிச்சதில பாதியை விட்டிட்டன். பேந்து அந்த மூண்டாவது ஆள் சொன்னதையும் வாசி."

"ரெண்டு பேரிலயும் பாத்தா, அத்தான்..."

"உன்ர கருத்து வேண்டாம். அவை சொன்னதை மட்டும் வாசி."

வாசித்தேன். "மெதுவா, மெதுவா, எல்லாரும் பாக்கினம்," என்று கணவர் கையைக் காட்டினார். குரலைத் தாழ்த்தி, இரண்டாவது ஆளின் பதிலையும் மூன்றாவது ஆளின் பதிலையும், நடுவில் நான் வெறுமையாக விட்ட இடத்தையும் வாசித்தேன்.

"அதில ஒண்டும் எழுதேல்லையோ?"

"அந்தக் கேள்விக்கு மூண்டாவது ஆள் பதில் சொல்லேல்லை."

"ம்." அதை அக்காவுக்கும் திருப்பிச் சொன்னார். "சரி, வை. இஞ்ச கதவு திறக்கினம்."

எங்கள் கதவும் திறந்தது. அட்டையைக் காட்டினேன், பட்டியலில் என் பெயரை வெட்டினார்கள், மடித்த தாளைத் தந்தார்கள். மறைப்புக்கு வைத்த மட்டைத் தட்டிக்குப் பின்னால் குட்டிப் பென்சில் ஒன்று கிடந்தது. ஒன்பது பதினெட்டுக்கு, நான் தீர்மானித்த பெயருக்கு எதிரே இருந்த வட்டத்துக்குள் புள்ளடி போட்டேன்.